அழிப்பதற்கு முன் ஒரு வரி படிப்போம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்

“ஃபார்மட் அடித்துவிடு!” நம் கல்லூரியில் கணிப்பொறிக்கு வருகின்ற எல்லா நோய்க்கும் வழங்கப்படும் ஒரே மருந்து இதுதான். திரை கறுத்து நின்றாலும் இதே மருந்து. எழுத்துகள் ஓடிவந்து நடுவழியில் நின்றாலும் இதே மருந்து. தலைவலி என்று வந்தவனுக்கும் கால்வலி என்று வந்தவனுக்கும் ஒரே மாத்திரையை நீட்டுகிற மருத்துவரிடம் நாம் இரண்டாம் முறை போவோமா? கணிப்பொறி விஷயத்தில் மட்டும் போகிறோம். போவது மட்டுமா, நாளடைவில் நாமே அந்த மருத்துவராகவும் ஆகிவிடுகிறோம்.

இவ்வழக்கம் தவறு என்பது என் கருத்து. எல்லா நோய்களையும் பற்றி எழுத எனக்கு அறிவும் போதாது, மலர்க்குழுவினர் ஒதுக்கிய பக்கங்களும் போதா. ஆகவே ஒரே ஒரு கோளாறை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். லினக்ஸ் இயங்குதளம் தொடங்கும்போது ராம்டிஸ்க் என்னும் படியில் வந்து நின்றுவிடுவதே அது. நம் ஆய்வகத்தில் இதனால் ‘செத்துப்போன’ கணிப்பொறிகள் உண்டு. அவை சாகவே இல்லை என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி.

ராம்டிஸ்க் என்றால் என்ன? வேதியியலும் வரலாறும் பயிலும் நண்பர்களும் இம்மலரைப் படிப்பார்கள் ஆதலால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தந்தையார் பிறர் நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலை செய்பவர். கிணற்று மேட்டில் உள்ள மோட்டார் பம்பு வெறுங்காற்றை வைத்துக்கொண்டு நீரை இழுக்காது. மேலிருந்து ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக் குழாயை நிரப்பிவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும். தண்ணீர் எடுக்கத் தண்ணீர் வேண்டும்! சிறுவனாக இருந்தபோது இது எனக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது.

கணிப்பொறியிலும் இதே வேடிக்கைதான் நடக்கிறது. இயங்குதளத்தின் உயிர்நிலையான கெர்னல், வட்டில் உள்ள கோப்புகளைப் படித்தாக வேண்டும். வட்டைப் படிப்பதற்கு அந்த வட்டுக்குரிய டிரைவர் வேண்டும். அந்த டிரைவரோ வட்டுக்குள்ளேயே இருக்கிறது. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை! இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்ததே ராம்டிஸ்க். கணிப்பொறியை முடுக்கியதும் கிரப் என்னும் தொடக்க நிரல், தாய்ப்பலகையில் உள்ள நிரலின் உதவியைக் கொண்டு, கெர்னலையும் அதனோடு ஒரு சிறு மூட்டையையும் நினைவகத்தில் ஏற்றிவிடுகிறது. அந்த மூட்டைக்குள் அவசரத்துக்கு வேண்டிய டிரைவர்களும் சில சிறு கருவிகளும் ‘இனிட்’ என்னும் ஒரு நிரலும் இருக்கும். கெர்னல் மூட்டையை அவிழ்த்து, இனிட் நிரலை ஓடவிடும். அது டிரைவர்களை ஏற்றி, உண்மையான வட்டைக் கண்டுபிடித்து, அதில் உள்ள மூலக் கோப்பமைப்பை இணைத்துவிட்டு, பொறுப்பை ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்ளும். அது இருந்த நினைவக இடமும் விடுவிக்கப்பட்டுவிடும். குடத்தை ஓரமாகக் கவிழ்த்து வைப்பது போல.

முற்காலத்தில் இந்த மூட்டையை உண்மையாகவே ஒரு வட்டு போலப் பாவித்தார்கள். அதற்கு இனிட்ஆர்டி என்று பெயர். 2003 டிசம்பரில் 2.6 என்னும் கெர்னல் வரிசை வெளிவந்தது. அவ்வரிசையிலிருந்து அது சிபிஐஓ என்ற தொகுப்புக் கோப்பாக மாறி, இனிட்ராம்எஃப்எஸ் என்று புதுப்பெயர் பெற்றது. ஆனால் நம் கணிப்பொறியின் பூட் பகுதியைத் திறந்து பாருங்கள், கோப்பின் பெயர் இன்றும் இனிட்ஆர்டி என்றே இருக்கும். பேச்சிலும் ராம்டிஸ்க் என்ற சொல் போகவில்லை. நானும் அப்படியே எழுதுகிறேன்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவன்தான். என்னிடம் இருக்கும் மடிக்கணினியும் எனக்காக வந்ததன்று. 2017-ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது என் அக்காவுக்கு அரசு வழங்கியது. அக்கா அதன்பின் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். கணிப்பொறி என் கைக்கு வந்தது. பேட்டரி செத்து மூன்று ஆண்டுகளாகின்றன. மின்சாரம் இருக்கும்வரை அது ஓடும், மின்சாரம் போனால் அதுவும் போகும். அதில் நான் உபுண்டு நிறுவியிருந்தேன்.

2024 டிசம்பர் முதல் நாள், ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த மறுநாள், எங்கள் விழுப்புரம் மாவட்டம் பட்ட பாடு பலருக்கும் நினைவிருக்கும். எங்கள் தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர். அம்மா மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கைப் பார்ப்பவர். பரணில் ஏற்றாமல் விட்டுப்போன டிரங்குப் பெட்டிக்குள் நீர் புகுந்து, குழுவின் கணக்கு நோட்டுகள் ஊறிக் கூழாகிவிட்டன. அம்மா அழவில்லை. “தம்பி, அதான் நீ கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்கியே” என்றார். ஆம், மூன்றாண்டுக் கணக்கையும் மாதந்தோறும் நான் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். அதைத்தான் வங்கிக்குக் காட்ட வேண்டும். காட்டினால்தான் அடுத்த கடன்.

மின்சாரம் திரும்பி வந்த அன்று கணிப்பொறியை முடுக்கினேன். வந்த மின்சாரம் பத்து நிமிடத்தில் போயிற்று, வந்தது, மறுபடி போயிற்று. மூன்றாம் முறை முடுக்கியபோது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள். கடைசி வரியில், அடைப்புக்குறிக்குள் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சொல்லும், அதன் பக்கத்தில் காத்திருக்கும் ஒரு சிறு கோடும். அவ்வளவுதான்.

பக்கத்து ஊரில் உள்ள ஒரு பழுதுபார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் திரையை முழுதாக ஒருமுறை பார்த்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை. “ஓ.எஸ். போயிடுச்சு தம்பி. ஃபார்மட் பண்ணி விண்டோஸ் போட்டுத் தரேன், ஐந்நூறு ரூபா” என்றார். “உள்ளே இருக்கும் கணக்கு?” என்றேன். “அது வராது” என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. நான்கு பேர் காத்திருக்கும் கடையில் அதுதான் விரைவான வழி. ஆனால் “வராது” என்று அவர் சொன்னது உண்மையன்று. உண்மையன்று என்பது அப்போது எனக்கும் தெரியாது. பையில் ஐந்நூறு ரூபாய் இல்லாத காரணத்தால் மட்டுமே கணிப்பொறியோடு வீடு திரும்பினேன். வறுமை எனக்குச் செய்த நன்மைகளுள் இது ஒன்று.

அன்றிரவு வேறு வழியின்றித் திரையில் இருந்ததைப் படித்தேன். நண்பர்களே, இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். தமிழ் வழியில் படித்து வந்த எனக்கு ஆங்கிலத்தில் பத்து வரி ஒன்றாக வந்து நின்றால் கண் தானாகவே விலகிவிடும். அது நமக்கு எழுதப்பட்டதல்ல, யாரோ பெரியவர்களுக்கு எழுதப்பட்டது என்று ஓர் எண்ணம். நம்மில் பலரை ‘ஃபார்மட்’ பக்கம் தள்ளுவது அறியாமை அன்று, இந்தக் கூச்சமே என்பேன். அன்று ஒவ்வொரு சொல்லாகப் படித்தபோது அதில் இருந்தது மிக எளிய செய்தி. மூலக் கோப்பமைப்பில் எதிர்பாராத முரண்பாடு இருக்கிறது, எஃப்எஸ்சிகே என்னும் கருவியை நீயே கையால் ஓட்டு, பகுதியின் பெயர் எஸ்டிஏ5. நோயும் சொல்லி, மருந்தும் சொல்லி, மருந்து கொடுக்க வேண்டிய இடத்தையும் சொல்லியிருந்தது! நோயாளி வாய் திறந்து பேசுகிறான், நாம் காதைப் பொத்திக்கொண்டு இருக்கிறோம்.

எஃப்எஸ்சிகே என்று தட்டி, பகுதியின் பெயரையும் தட்டினேன். ஒவ்வொரு பழுதாகக் காட்டிச் சரிசெய்யவா என்று கேட்டது. எல்லாவற்றுக்கும் ‘ஒய்’ என்று விடை கொடுத்தேன். கால் மணி நேரம். பிறகு எக்ஸிட் என்று தட்டினேன். உபுண்டு திறந்தது. கணக்குக் கோப்புகளில் ஒன்றைத் தவிர எல்லாம் இருந்தன. அந்த ஒன்று, அவ்வாண்டு அக்டோபர் மாதக் கணக்கு, ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ என்னும் அடைவுக்குள் பெயரிழந்து வெறும் எண்ணாகக் கிடந்தது. பழுது பார்க்கும்போது உரிமையாளர் தெரியாமல் கிடக்கும் கோப்புகளை அக்கருவி அங்கே கொண்டுபோய்ப் போடும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக் கண்டுபிடித்தேன்.

இதைக் கேட்ட நம் துறைப் பேராசிரியர் ஒருவர் என்னைப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கடிந்துகொண்டார். வட்டே பழுதாகிக்கொண்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ‘ஒய்’ சொன்னது இருந்ததையும் கெடுத்திருக்குமாம். யுஎஸ்பியிலிருந்து ஓடும் ஒரு லினக்ஸைக் கொண்டு கணிப்பொறியைத் திறந்து, முதலில் கோப்புகளைப் படியெடுத்துவிட்டு, அதற்குப் பிறகே பழுது பார்த்திருக்க வேண்டும் என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. நான் செய்த முறையை யாரும் அப்படியே செய்ய வேண்டாம்.

நிற்க. இந்நிகழ்ச்சிக்குப் பிறகு இத்துறையில் எனக்கு ஒரு பித்துப் பிடித்துவிட்டது. படித்தும் பார்த்தும் அறிந்தவற்றுள் முதன்மையானது இதுதான்: ராம்டிஸ்க் கோளாறு என்று நாம் ஒரே பெயரிட்டு அழைப்பது உண்மையில் இரண்டு வேறு கோளாறுகள். தந்தையார் பம்பு தண்ணீர் எடுக்காதபோது ஒரு குடம் ஊற்றிப் பார்ப்பார். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் இறங்கிவிட்டால் அடியில் ஃபுட்வால்வில் குறை. தண்ணீர் நின்றும் பம்பு இழுக்கவில்லை என்றால் குறை வேறிடத்தில். எதுவரை வந்து நின்றது என்று பார்ப்பதிலேயே பாதிக் கண்டுபிடிப்பு முடிந்துவிடும். இங்கும் அப்படியே. இனிட்ராம்எஃப்எஸ் என்ற சொல்லோடு திரை நம் கட்டளைக்குக் காத்திருந்தால், மூட்டை நல்லபடியாக அவிழ்ந்து, உள்ளிருந்த கருவிகளும் ஓடுகின்றன என்று பொருள். மூட்டைக்குத் தேவையான ஏதோ ஒன்று கிடைக்கவில்லை, அவ்வளவே. அந்தத் திரை ராம்டிஸ்க்கின் பிணம் அன்று. மற்றவர்கள் எல்லாம் விழுந்த பிறகும் விழித்திருந்து நமக்காகக் காத்திருக்கும் காவலாளி அது. மாறாக, ‘கெர்னல் பேனிக்’ என்று கூறி, மூலக் கோப்பமைப்பை இணைக்க முடியவில்லை, ‘அன்னோன் பிளாக்’ சுழியம் கமா சுழியம் என்று எழுதிவிட்டு, எந்த விசையைத் தட்டினாலும் அசையாமல் நின்றால், மூட்டையே வரவில்லை அல்லது கிழிந்த மூட்டை வந்திருக்கிறது என்று முதலில் ஐயுற வேண்டும்.

முதல் வகையில் அடிக்கடி வரும் இன்னொரு செய்தி, மூலப் பகுதிக்காகக் காத்திருந்து சலித்துவிட்டேன் என்பது. உடன் ஒரு நீண்ட அடையாள எண்ணைக் காட்டி, அது இல்லை என்றும் சொல்லும். செய்தி ஒன்றும் இல்லாமல் வெறும் சொல் மட்டும் நின்றால், எக்ஸிட் என்று ஒருமுறை தட்டுங்கள். பெரும்பாலும் காரணம் திரையில் வந்துவிடும். ‘பிராக்’ அடைவில் உள்ள ‘சிஎம்டிலைன்’ என்னும் கோப்பைக் காட்டச் சொன்னால் அது தேடும் எண் தெரியும். பிஎல்கேஐடி என்று தட்டினால் உண்மையில் இருக்கும் பகுதிகளின் எண்கள் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வட்டு இருக்கிறது, எண் மட்டும் வேறு என்றால் பகுதியின் அடையாள எண் மாறியிருக்கிறது. கிரப்பில் எண்ணைத் திருத்தினால் போதும். வட்டே பட்டியலில் இல்லை என்றால், கேபிள் கழன்றிருக்கலாம், பயாஸ் அமைப்பு மாறியிருக்கலாம், அல்லது மூட்டையில் அந்த வட்டுக்குரிய டிரைவர் இல்லாமல் இருக்கலாம். எண்ணும் சரி, வட்டும் இருக்கிறது என்றால் வட்டு எழுந்துவரத் தாமதம். யுஎஸ்பி வட்டுகளில் இப்படி நேரும். ரூட்டிலே என்னும் சொல்லைச் சேர்த்துச் சற்றுக் காத்திருக்கச் சொன்னால் சரியாகிவிடும். இவ்வளவுக்கும் எழுத வேண்டியது நான்கைந்து சொற்கள்.

இரண்டாம் வகைக்கு எடுத்துக்காட்டு நம் ஆய்வகத்திலேயே கிடைத்தது. சென்ற பருவத்தில் ஒரே வாரத்தில் மூன்று கணிப்பொறிகள் கெர்னல் பேனிக்கில் நின்றன. நான் அறிவதற்குள் இரண்டு ஃபார்மட் ஆகிவிட்டன. மூன்றாம் ஆண்டு அண்ணன்மார் இருவரின் புராஜெக்ட் வேலை அவற்றோடு போயிற்று. ஒருவர் முழுவதையும் திரும்ப எழுதினார். மூன்றாவதை மட்டும், ஆய்வக உதவியாளரிடம் மன்றாடி, ஒரு மணி நேரம் கேட்டு வாங்கினேன். கிரப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தேன். உடனே திறந்துகொண்டது! உள்ளே பார்த்தால், பூட் பகுதியை யாரோ மிகச் சிறியதாகத் தனியே பிரித்து வைத்திருந்தார்கள். புதுக் கெர்னல்கள் வரவர, பழையவை நீக்கப்படாமல் குவிந்து, அது நூற்றுக்கு நூறு நிரம்பிவிட்டது. கடைசியாக வந்த கெர்னலுக்கு ராம்டிஸ்க் எழுத இடமே இல்லை. இடம் இல்லை என்று அன்றே திரையில் எழுதியும் இருக்கும், யார் படித்தார்கள்? பழைய கெர்னல்களை நீக்கினேன். அப்போது ஓடிக்கொண்டிருந்ததை மட்டும் தொடவில்லை. அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் என்ற கட்டளையால் புது மூட்டை கட்டி, அப்டேட்-கிரப் கொடுத்து மறுபடி முடுக்கினேன். நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. ஃபார்மட் அடித்து, ஒவ்வொரு மென்பொருளாக நிறுவ அரை நாள் ஆகும்.

ஒரு கணிப்பொறியின் வட்டைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவதும் நம்மிடம் நடக்கிறது. அங்கும் இந்தத் திரை வரலாம். உபுண்டுவும் டெபியனும் மூட்டையில் பலவகை டிரைவர்களையும் சேர்த்தே கட்டுகின்றன. ஆனால் இடம் மிச்சம் பிடிக்க யாரேனும் அமைப்பை ‘டெப்’ என்று மாற்றியிருந்தால், அந்த இயந்திரத்துக்கு வேண்டியவை மட்டுமே உள்ளே இருக்கும். ஃபெடோராவில் மூட்டை கட்டும் டிராகட் என்னும் நிரல் இயல்பாகவே அப்படித்தான் செய்கிறது. அளவெடுத்துத் தைத்த சட்டை அடுத்தவனுக்குப் பொருந்துமா? அதற்காகவே, எல்லா டிரைவர்களும் அடங்கிய மீட்பு மூட்டை ஒன்றையும் ஃபெடோரா தனியே வைத்திருக்கிறது. தொடக்கப் பட்டியலின் அடியில் அது இருக்கும்.

ஃபார்மட்டே கூடாது என்று நான் வாதாடவில்லை. வட்டிலிருந்து படிப்பதில் பிழை என்ற வரிகள் மீண்டும் மீண்டும் வந்தால், அந்த வட்டின் ஆயுள் முடிகிறது. கிடைத்ததைப் படியெடுத்துக்கொண்டு வட்டையே மாற்றுவதுதான் அறிவு. காரணம் தெரிந்து அழிப்பதில் எனக்குச் சண்டை இல்லை. காரணம் தெரியாமல் அழித்தால், அது அடுத்த மாதம் அதே இடத்தில் மறுபடி வந்து நிற்கும். ஃபார்மட் செய்த அந்த இரண்டு கணிப்பொறிகளிலும் பூட் பகுதியைப் பழைய அளவிலேயே பிரித்துத்தான் நிறுவியிருக்கிறார்கள் என்பதை இங்கே பணிவோடு குறிப்பிடுகிறேன்.

இது மாணவர்களின் குற்றம் மட்டும்தானா? இயங்குதளத் தாளில் ‘பூட்ஸ்டிராப் நிரல் என்றால் என்ன’ என்ற வினாவுக்கு நாம் எல்லோரும் ஐந்து மதிப்பெண் வாங்கியவர்களே. விடையை எழுதினோம், ஆனால் தொடங்காத ஒரு கணிப்பொறியின் முன் உட்கார நமக்கு அனுமதி இல்லை. பழுதானதும் அதன்மேல் ஒரு தாளை ஒட்டிவிடுவார்கள். விலங்கியல் துறையில் தவளையை அறுத்துப் பார்த்துப் படித்த காலம் உண்டு என்பார்கள். நம் துறையில் ஓடுகிற கணிப்பொறியை மட்டுமே பார்க்கிறோம். ஆய்வகப் பொருள்கள் அரசுப் பொருள்கள், கெட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஆசிரியர்கள் என்ற இடர்ப்பாடு எனக்கும் புரிகிறது. வீட்டில் இரண்டு கணிப்பொறி உள்ளவன் ஒன்றைக் கெடுத்துக் கற்றுக்கொள்வான். என்னைப் போன்றவர்களுக்குக் கல்லூரிக் கணிப்பொறியை விட்டால் வேறு வழி ஏது?

ஆதலால் துறைத் தலைவரிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். செய்முறை வகுப்புகளுள் ஒன்றில் ராம்டிஸ்க் கோப்பை வேண்டுமென்றே பெயர் மாற்றி வைத்துவிட்டு, மாணவர்கள் அதைக் கண்டுபிடித்துச் சீர்செய்யும்படி விட வேண்டும். இதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை. ஆய்வகத்தின் கடைசி வரிசையில், சன்னலோரம், பழுது என்று தாள் ஒட்டிய கணிப்பொறி ஒன்று நெடுநாளாக இருக்கிறது. அதன் வட்டு நன்றாகவே இருக்கிறது. சென்ற வாரம் பார்த்துவிட்டேன்.